கால்களைக் காப்பாற்றாத மரபணு ஊசி: டாமாரிஸ் ஆய்வு ஏன் தோற்றது?

2011இல் 'லான்செட்' இதழில் டாமாரிஸ் என்ற மருத்துவ ஆய்வின் முடிவு வெளியானது. 30 நாடுகள், 171 மையங்கள், 525 நோயாளிகள். எல்லாருக்கும் கால் தமனிகள் அடைபட்டு, பாதத்தில் ஆறாத புண்ணோ தோல் அழுகலோ இருந்தது. பைபாஸுக்கோ பலூன் சிகிச்சைக்கோ இடமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த கால்கள் இவை. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கால் தசையில் ஒரு மரபணுவை ஊசியாகப் போட்டார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. ஓராண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்ட 266 பேரில் 86 பேர் காலையோ உயிரையோ இழந்திருந்தார்கள். மரபணு போட்டுக்கொண்ட 259 பேரில் 96 பேர்.

அதாவது பலன் சுத்தமாக இல்லை. மருந்து போட்ட பக்கம் எண்ணிக்கை கொஞ்சம் கூடவே இருந்தாலும், அது தற்செயலாக வரக்கூடிய வித்தியாசம்தான்.

கால் தமனிகள் இப்படி அடைபடுவதுதான் புறத்தமனி நோய். அதற்கான சிகிச்சைகளில் ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு நோயாளியை எட்டாமல் போனவை நிறைய. அவற்றில் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளக் காரணம், இதில் சாக்குச் சொல்ல வழியே இல்லை. விலங்குச் சோதனை, முதல் கட்டம், இரண்டாம் கட்டம், பெரிய மூன்றாம் கட்டம் என்று எல்லாப் படியும் முறைப்படி ஏறிய மருந்து இது. ஆய்வை நடத்தியவர்கள் தேர்ந்தவர்கள், பணத்துக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் தோற்றது என்றால், தவறு எங்கே நுழைந்தது என்று தேட இதைவிட நல்ல நிகழ்வு கிடைக்காது.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

2010 நிலவரப்படி உலகில் 20 கோடிக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து காலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஆரம்பத்தில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுத்தால் வரும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள். பலர் வருடக்கணக்கில் இந்த நிலையிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் படுத்திருக்கும்போதே வலிக்கும், புண் வரும், விரல் கறுக்கும். அந்தக் கட்டத்தில் அடைப்பைத் திறக்க முடியாதவர்களுக்கு மிஞ்சுவது காலை எடுப்பதுதான். மரபணு ஊசி இவர்களுக்காகத்தான் வந்தது.

யோசனை வந்த வழி

அடைபட்ட வழியைத் திறக்க முடியாவிட்டால் புது வழியை வளர்த்துவிட்டால் என்ன? கேட்கும்போது எளிமையாகத் தோன்றும் இந்த யோசனை புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கட்டி வளர வேண்டுமானால் அது தனக்கென்று ரத்தநாளங்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். 1983இல் ஹரால்ட் டுவோராக் குழு, நாளங்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழு பிரித்தெடுத்து மரபணுவையும் கண்டறிந்த விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி அதே புரதம்தான். புற்றுநோய் மருத்துவர்கள் அதைத் தடுக்கப் பார்த்தார்கள். இதய, ரத்தநாள மருத்துவர்கள் அதையே ஊட்டப் பார்த்தார்கள்.

அவர்களில் முன்னால் நின்றவர் பாஸ்டனில் இருந்த ஜெஃப்ரி இஸ்னர். அவருடைய குழு முயல்களின் தொடைத் தமனியை நீக்கிவிட்டு விஇஜிஎஃப் கொடுத்தபோது, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் பக்கநாளங்கள் பெருகின. 1996இல் அதே குழு முதன்முதலாக மனிதரில் ஆதாரம் காட்டியது. 71 வயதுப் பெண் ஒருவர், அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்த வரிசையில் எட்டாவது நோயாளி. முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனியில், மேலே 2,000 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் டிஎன்ஏ (மரபணுவைச் சுமந்துபோகும் டிஎன்ஏ வளையம்) பூசிய பலூனை விரித்தார்கள். நான்கு வாரம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை புது நாளங்கள் தெரிந்தன. ரத்த ஓட்டமும் கூடியிருந்தது.

அந்தக் கட்டுரையில் எல்லாரும் ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விவரங்கள். மரபணு கொடுத்த ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணின் கணுக்காலிலும் பாதத்திலும் சிலந்தி வலை போன்ற சிவந்த நாளக் கொத்துகள் மூன்று முளைத்தன. ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்தபோது நாளங்களின் உட்பூச்சுச் செல்கள் பெருகிக் கிடந்தன. இன்னொன்று, கால் வீங்கியது. மரபணு வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வளர்ந்தவை எப்படிப்பட்ட நாளங்கள் என்பதற்கும் இதுவே சான்று: மெல்லியவை, கசிபவை, தேவையில்லாத இடத்திலும் முளைப்பவை. அடுத்த 15 ஆண்டுகளில் என்ன நடக்கப்போகிறது என்பது பெரும்பாலும் அந்த எட்டாவது நோயாளியின் காலிலேயே எழுதியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நடந்து முடிந்தபின் சொல்வது சுலபம், ஒப்புக்கொள்கிறேன்.

1998இல் ஒன்பது நோயாளிகளின் பத்துக் கால்களில் தசை ஊசியாகவே விஇஜிஎஃப் பிளாஸ்மிட்டைப் போட்டுப் பார்த்தார்கள். கணுக்கால் விகிதம் சராசரியாக 0.33இலிருந்து 0.48க்கு ஏறியது. புண் இருந்த ஏழு கால்களில் நான்கில் நல்ல முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி போட்ட குழு கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

டாலிஸ்மன்: திருப்பம் நடந்த இடம்

டாமாரிஸில் சோதித்தது விஇஜிஎஃப் அல்ல, எஃப்ஜிஎஃப்-1 என்ற வேறொரு வளர்ச்சிக் காரணி. இது உட்பூச்சுச் செல்களோடு நிற்காமல் நாளச் சுவரின் தசைச் செல்களையும் தூண்டும். அதனால் இன்னும் உறுதியான, அகலமான நாளங்கள் வளரும் என்று எதிர்பார்த்தார்கள். நியாயமான எதிர்பார்ப்புதான். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த வெள்ளெலிகளில் கூடச் சோதித்தார்கள். வெறும் ஆரோக்கியமான விலங்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 51 நோயாளிகளில் நடந்த முதல் கட்டத்தில் வலி குறைந்தது, புண் சுருங்கியது.

அப்புறம் இரண்டாம் கட்டம், டாலிஸ்மன். ஆறாத புண்ணோடு இருந்த 125 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டு ஊசிகள். முதன்மை இலக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்தது ஒன்றே ஒன்று: ஒரு புண்ணாவது முழுமையாக ஆற வேண்டும்.

ஆறவில்லை. கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில் மருந்து பெற்ற 51 பேரில் 19.6 சதவீதத்தினருக்கும், பெறாத 56 பேரில் 14.3 சதவீதத்தினருக்கும் புண் ஆறியது. ஆட்களாகச் சொன்னால் 10 பேரும் 8 பேரும். வழக்கப்படி பார்த்தால் ஆய்வு தோல்வி.

ஆனால் துணை இலக்குகளின் பட்டியலில் ஒரு வரி பளிச்சென்று நின்றது. முழங்காலுக்கு மேலோ கீழோ காலை எடுக்கும் பெரிய அறுவை, மருந்தில்லாக் குழுவில் 33.9 சதவீதம், மருந்துக் குழுவில் 15.7 சதவீதம். பாதிக்கும் கீழே! யாருக்குத்தான் ஆசை வராது? புண் ஆறுவதைவிடக் கால் மிஞ்சுவது பெரிய விஷயம் அல்லவா? அந்த வரியின் மேல்தான் டாமாரிஸ் கட்டப்பட்டது.

சதவீதத்தை மறுபடி ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 56இல் 19, 51இல் 8. மருந்தில்லாக் குழுவில் நான்கே நான்கு பேரின் கால் வேறு காரணத்தால் தப்பியிருந்தால் 19 என்பது 15 ஆகிவிடும், அந்தப் பளபளப்பான வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்காது. இந்த நோயாளிகளின் காலை எடுப்பதா வேண்டாமா என்பது ஒரு மனித முடிவு. தொற்று எவ்வளவு, வலியை எத்தனை நாள் பொறுக்கலாம், நோயாளி சம்மதிக்கிறாரா, அந்த ஊர் அறுவை மருத்துவர் காத்திருக்கக்கூடியவரா அவசரப்படுபவரா என்று பல கைகள் சேர்ந்து எடுக்கும் முடிவு. ரத்த ஓட்டம் அதில் ஒரு கை மட்டுமே.

இன்னொரு கேள்வியும் அப்போதே கேட்டிருக்க வேண்டியது. புண் ஆறாமல் கால் மட்டும் எப்படித் தப்பும்? காலை எடுக்கவைப்பதே பெரும்பாலும் அந்தப் புண்தானே. ரத்தம் கூடியது என்றால் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிந்தது என்றால், தெரிந்ததைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டாமாரிஸின் விதி 2011இல் முடிவாகவில்லை, தோற்ற முதன்மை இலக்கை ஓரமாக வைத்துவிட்டு வென்ற துணை இலக்கைக் கையில் எடுத்த அன்றே முடிவாகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

மருந்து போய்ச் சேர்ந்ததா?

தோல்விக்குப் பின் முதலில் எழும் சந்தேகம் இது. இங்கே அதற்குப் பதில் இருக்கிறது. காலை எடுப்பது என்று ஏற்கெனவே முடிவான சில நோயாளிகளுக்கு ஊசி போட்டு, பின்னர் அகற்றிய காலின் தசையை எடுத்துச் சோதித்தார்கள். பிளாஸ்மிட் இருந்தது, அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ இருந்தது, எஃப்ஜிஎஃப்-1 புரதமும் இருந்தது. ஆனால் எல்லாம் ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றித்தான். ஒரு மனிதக் காலின் தசை எவ்வளவு பெரியது என்று யோசித்தால், எட்டு ஊசிகள் எட்டுத் திட்டுகள். சுண்டெலியின் காலில் ஒரே ஊசி மொத்தத் தசையையும் நனைத்துவிடும்.

அடுத்தது நாளத்தின் அகலம். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டர் தமனி ஒன்று கொண்டுபோகும் ரத்தத்தை, அதே நீளமும் அதே அழுத்தமும் உள்ள அரை மில்லிமீட்டர் நாளங்களால் கொண்டுபோக வேண்டுமானால் 10,000 நாளங்கள் வேண்டும். தந்துகிகளோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாதவை. மேலே அணை வறண்டு கிடக்கும்போது கீழே வாய்க்கால் மட்டும் வெட்டிக்கொண்டே போனால் வயலுக்குத் தண்ணீர் வராது. பாத் நவ்ஹைமில் வுல்ஃப்காங் ஷாப்பர் பல ஆண்டுகளாக வலியுறுத்தியது இதைத்தான். ஏற்கெனவே இருக்கும் சிறு இணைப்பு நாளங்கள் தடித்து அகலமாவது ஒரு வேலை, புதிதாகத் தந்துகி முளைப்பது வேறு வேலை. முதலாவதைத் தூண்டுவது பெரும்பாலும் ரத்தம் வேகமாக உரசி ஓடுவதும் அங்கே வந்து சேரும் வெள்ளணுக்களும். இரண்டாவதைத் தூண்டுவது ஆக்சிஜன் பற்றாக்குறை. வளர்ச்சிக் காரணிகள் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்தன. நோயாளிக்கு முதலாவது தேவைப்பட்டது.

எந்த எலி?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆய்வகத்தில் புறத்தமனி நோய்க்கு நிகராக வைத்திருப்பது பெரும்பாலும் இளம் சுண்டெலி. தொடைத் தமனியைக் கட்டி, ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு காலில் ரத்தம் நின்றுபோகும். லேசர் டாப்ளர் கருவியில் அந்தக் கால் நீலமாகவும் மறு கால் சிவப்பாகவும் தெரியும். வழக்கமாகப் பயன்படும் சி57பிஎல்/6 இனச் சுண்டெலியாக இருந்தால், யாரும் எதுவும் செய்யாமலே மூன்று நான்கு வாரத்தில் அந்தக் கால் பெருமளவு தேறிவிடும். மருந்து கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறும். அந்த 'சீக்கிரம்'தான் கட்டுரைகளில் வெற்றி என்று வருகிறது.

நோயாளிக்கோ ஒரே நாளில் யாரும் தமனியைக் கட்டவில்லை. இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல அடைபட்டது. டாமாரிஸில் சராசரி வயது 70, பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். தானாகத் தேறும் சக்தி எப்போதோ தீர்ந்துபோன கால் அது. தேறிக்கொண்டிருக்கும் காலை வேகப்படுத்தும் மருந்தும், தேறாத காலைத் தேற்றும் மருந்தும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதே அறுவையை பால்ப்/சி என்ற வேறு இனத்தில் செய்தால் கதை மாறுகிறது. தசை செத்துப்போகிறது, விரல்கள் உதிர்கின்றன. அடைப்பு அதே, அறுவை அதே, விளைவு மட்டும் தலைகீழ். மனிதரிலும் இப்படித்தான்: ஒரே மாதிரி அடைப்பு உள்ள இருவரில் ஒருவர் கால் வலியோடு பல ஆண்டுகள் நடமாடுகிறார், இன்னொருவர் காலை இழக்கிறார். இரண்டு இனங்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டுத் தேடிப்போனவர்கள் ஏழாவது குரோமோசோமில் ஒரு பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். 2017இல் அங்கே உள்ள பேக்3 என்ற மரபணுவில், புரதத்தின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பால்ப்/சி சுண்டெலியின் தசையில் மற்ற இனத்தின் பேக்3ஐச் சேர்த்தபோது தசை சாவது குறைந்தது. அதோடு ரத்த ஓட்டமும் கூடியது!

நாளத்தைத் தொடவே இல்லை, தசையைத்தான் சரிசெய்தார்கள். இருபது ஆண்டுகளாக எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாதிச் சிக்கல் குழாய் போய்ச் சேரும் இடத்தில் இருந்தது.

விஇஜிஎஃப் பக்கமும் ஒரு விடை வந்தது. அந்த மரபணுவிலிருந்து உடல் இரண்டு வகைப் புரதங்களைச் செய்துகொள்ள முடியும். கடைசி ஆறு அமினோ அமிலங்கள் மட்டும் வேறு. ஒன்று நாளத்தை வளர்க்கும். 165பி எனப்படும் மற்றது, செல்லின் மேல் அந்தச் செய்தியை வாங்கும் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு வளர்ச்சியை மட்டுப்படுத்தும். புறத்தமனி நோயாளிகளிடம் இந்த இரண்டாவது வகை மிகுந்திருப்பதாக 2014இல் தெரியவந்தது. வழக்கமான ரத்தச் சோதனை இரண்டையும் ஒன்றாகவே எண்ணியதால், நோயாளிகளிடம் விஇஜிஎஃப் ஏற்கெனவே ஏராளமாக இருந்தும் ஏன் நாளம் வளரவில்லை என்பது அதுவரை புதிராகவே இருந்தது. இது எஃப்ஜிஎஃப்-1 தோற்றதற்கு நேரடி விளக்கம் ஆகாது. என்றாலும் 'காரணி குறைவு, ஊற்றிவிடலாம்' என்ற அடிப்படைக் கணக்கையே இது அசைத்துவிட்டது.

தனியாகத் தோற்கவில்லை

விஇஜிஎஃப்-ஐ அடினோவைரஸில் ஏற்றி 105 பேருக்குக் கொடுத்த ரேவ் ஆய்வில் நடை கூடவில்லை, கால் வீக்கம்தான் கூடியது. எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தமனியில் செலுத்திய நெதர்லாந்தின் யுவென்டாஸ் ஆய்வில், 160 பேரில் செல் பெற்றவர்களில் 19 சதவீதத்தினரும் பெறாதவர்களில் 13 சதவீதத்தினரும் ஆறு மாதத்துக்குள் காலை இழந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு குழுவிலுமே புண், வலி, கணுக்கால் விகிதம் எல்லாம் முன்னேறின. நல்ல கவனிப்பும் புண் பராமரிப்பும் கிடைத்தால் மருந்தில்லாமலேயே இவ்வளவு தேறும். 1998இன் அந்த ஒன்பது நோயாளிகளின் எண்களை இப்போது மறுபடி பாருங்கள். எவ்வளவு பங்கு மரபணுவுக்கு, எவ்வளவு கவனிப்புக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜப்பானில் எச்ஜிஎஃப் என்ற வேறொரு காரணியின் பிளாஸ்மிட்டுக்கு 2019 மார்ச்சில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. சிறிய ஆய்வுகளை வைத்து முதலில் விற்பனை, நிரூபணம் பின்னால் என்ற ஏற்பாடு. ஓர் ஊசி 6 லட்சம் யென். பின்னால் திரட்டிய தரவு முந்தைய முடிவை மறுபடி காட்டவில்லை. 2024 ஜூனில் மருந்தைத் தயாரித்த நிறுவனமே முழு அனுமதிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டாலிஸ்மனில் நடந்த அதே பிழை இங்கே ஒரு நாட்டின் காப்பீட்டுச் செலவில் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, எது வந்து சேர்ந்தது?

இதே காலத்தில் வேறு சில மருந்துகள் இந்த நோயாளிகளை எட்டிவிட்டன. ரத்தக் கொழுப்பின் அளவைப் பாதிக்கும் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எலியில் தொடங்கவில்லை. 2003இல் பிரான்சில், கொழுப்பு மிக உயர்ந்த குடும்பங்களில் இந்த மரபணுவின் மாற்றம் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் டல்லாஸ் ஆய்வாளர்கள் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்கள்: இந்த மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்குக் கெட்ட கொழுப்பும் குறைவு, மாரடைப்பும் அரிது. அதாவது மருந்து வருமுன்பே, அது தடுக்கப்போகும் பொருள் குறைவாக இருந்தே பல்லாண்டு வாழ்ந்த மனிதர்கள் கண்முன் இருந்தார்கள். அந்த மரபணு தரும் புரதத்தைத் தடுக்கும் எவலோகுமாப், ஆய்வில் இருந்த எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, காலைப் பாதிக்கும் பெரிய நிகழ்வுகளையும் 42 சதவீதம் குறைத்ததாக, அந்த மருந்தைச் சோதித்த ஃபோரியர் ஆய்வின் துணைப் பகுப்பாய்வு 2018இல் சொன்னது. இதுவும் துணைப் பகுப்பாய்வுதான், டாலிஸ்மனுக்கு வைத்த அதே சந்தேகத்தை இதற்கும் வைக்கலாம். ஆனால் இங்கே முதன்மை இலக்கு தோற்கவில்லை, கால் முடிவு அதோடு ஒத்துப்போகிறது.

அடைப்பைத் திறக்கும் சிகிச்சை முடிந்த 6,564 பேரில் நடந்த வாயேஜர் ஆய்வில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபானைக் குறைந்த அளவில் ஆஸ்பிரினோடு கொடுத்தபோது கால், இதயம், மூளை சார்ந்த பெரிய பாதிப்புகள் மூன்றாண்டில் 19.9 சதவீதத்திலிருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தன. ரத்தக்கசிவு ஆபத்தும் கொஞ்சம் கூடியது. பார்க்கக் கவர்ச்சியில்லாத எண்தான், ஆனால் 6,564 பேர் தாங்கி நிற்கும் எண்.

2025இல் வந்த ஸ்ட்ரைட் ஆய்வு இன்னும் சுவையானது. சர்க்கரை நோயும் கால் வலியும் உள்ள 792 பேருக்கு ஓராண்டு வாராவாரம் செமாகுளுடைட் என்ற சர்க்கரை நோய் மருந்தைக் கொடுத்தார்கள். அதிகபட்சமாக நடக்க முடிந்த தூரம், மருந்தில்லாக் குழுவைவிட 13 சதவீதம் கூடுதலாக முன்னேறியது. நடையே முன்கூட்டி எழுதிவைத்த முதன்மை இலக்கு, அதிலேயே வென்றது. நாளம் வளர்க்க என்று யாரும் இந்த மருந்தைச் செய்யவில்லை. உடல் எடை குறைந்ததாலா, அழற்சி தணிந்ததாலா, நாளச் சுவர் இளகியதாலா, கெண்டைக்கால் தசையே சர்க்கரையை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்கியதாலா என்பதைப் பிரித்துப் பார்க்க, மருந்து எடுத்துக்கொண்டவர்களின் தசைத்துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே காத்திருப்பவர்கள் சி57பிஎல்/6 சுண்டெலியோடு பால்ப்/சியையும், கிழட்டுச் சுண்டெலியையும், சர்க்கரை வந்த சுண்டெலியையும் பக்கத்துக் கூண்டுகளில் வைத்திருந்தால் நல்லது.